ஓட்டில்லாத ஊரில் பேச எழுந்தபோது

1

நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தபோது குடியிருப்பு அனுமதியில் ஏதோ சிக்கல் என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டில் அரசாங்க எண் திரையில் தெரிந்தாலே முதலில் அந்த நினைப்புதான் வரும். மூன்று வருடமாகியும் அது மாறவில்லை.

விஷயம் வேறு. தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருப்பது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்று இருக்கிறது; எனக்கு அங்கேதான் வேலை. ஊரின் பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் அகதிகளைத் தங்கவைக்கப் போகிறார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. சனிக்கிழமை பொதுக்கூட்டம். "வெளியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர் ஒருவர் மூன்று நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும்" என்றார் அந்தப் பெண். சரி என்று சொல்லிவிட்டேன்.

இங்கே பேசுவதற்கும் விண்ணப்பம் உண்டு. பெயர், முகவரி, எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: இந்த ஊரில் வாக்குரிமை உண்டா? இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பேச மட்டும் அனுமதி உண்டு, கை தூக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

மாலையில் சமையலறையில் நின்று பழகினேன். என் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. நாற்காலியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பென்சிலை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தேவாலயத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன் என்று நான் ஜெர்மனில் சொன்னது, என் நாக்கில் செர்ரிப் பழத்துக்குப் பின்னால் என்று ஆகிவிட்டதாம்; ஜெர்மனில் இரண்டு சொல்லுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் பிள்ளை அவள். அன்று மட்டும் தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, நீ இதுக்கு முன்னாடி நிறைய பேர் முன்னாடி பேசியிருக்கியா?"

"ஒரு தடவை. நீ பொறக்கறதுக்கு முன்னால."

அடுப்படியில் நின்ற என் மனைவி வேணி திரும்பவில்லை. "அத இப்ப ஞாபகப்படுத்தாதீக" என்றாள்.

2

நான் முதலில் புலம்பெயர்ந்தது ஜெர்மனிக்கு அல்ல, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரகடத்துக்கு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமா சான்றிதழோடு ஏறி வந்தவன். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் லைனில் நின்றேன். அப்போது அந்தப் பகுதியில் மாதம் ஒரு புது காம்பவுண்டு சுவர் எழும்பும். ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒரு ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டுக்கும் எங்களைப் போல் நூற்றுக்கணக்கான தெற்கத்திப் பையன்கள்.

மண்ணூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தோம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஷீட் போட்ட அறைகள் கட்டி விட்டிருந்தார்கள். மற்ற அறைகளில் நான்கைந்து பையன்கள் சேர்ந்து இருந்தார்கள். குடும்பமாக இருந்தது நானும் வேணியும்தான். வேணிக்கு அப்போது நிறைமாதம். வீட்டுக்காரர் கன்னியம்மா அக்கா. புருஷன் இல்லாமல் இரண்டு மாட்டையும் நான்கு அறை வாடகையையும் வைத்துக் குடும்பம் நடத்தியவர்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், பொழுது சாயும் நேரத்தில், ஊர் முனை வளைவில் இரண்டு பைக்குகள் மோதிக்கொண்டன. ஒன்றில் வந்தவன் உள்ளூர்ப் பையன் தினேஷ். இன்னொன்றில் மாரி, என் லைனில் அப்ரண்டிஸாக இருந்தவன், என் ஊர்ப் பக்கத்துக்காரன். தினேஷுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மாரிக்குச் சிராய்ப்புதான். ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் மாரி வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். மறுநாள் அறையில் அவன் பெட்டி இல்லை.

தினேஷின் அப்பா ஏழுமலை போலீசுக்குப் போகவில்லை. கேஸ் என்று ஆனால் மகன் பெயரும் ஸ்டேஷனில் ஏறும், பிறகு எந்தக் கம்பெனியும் அவனை எடுக்காது என்ற பயம். அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. வெளியூர்க்காரர்கள் எல்லாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டும், சுதந்திர தினத்தன்று நடக்கும் கிராம சபையில் பேசி முடிவெடுப்பது என்று ஊருக்குள் பேச்சு. அப்படியொரு தீர்மானத்தை நோட்டில் ஏற்ற முடியாது என்று ஊராட்சித் தலைவருக்குத் தெரியும். ஆனால் ஊர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எந்த வீட்டுக்காரரும் மீற மாட்டார்.

நான் வேறு அறை தேடாத இடமில்லை. வாலாஜாபாத் வரை போய்ப் பார்த்தேன். நிறைமாதக்காரி என்று தெரிந்ததும், குழந்தை பிறந்த பிறகு வாருங்கள் என்றார்கள்.

3

எங்கள் ஆட்கள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று முடிவானபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாலிடெக்னிக்கில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்பதை நானே எப்போதோ பெருமையடித்திருந்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் எழுதிவிட்டேன். வந்ததும் வேணியின் முன்னால் நின்று குரலை உயர்த்தினேன்.

"சுதந்திரக் காற்றைச் சுவாசிக்கும் இப்பொன்னாளில், வந்தாரை வாழவைக்கும் இம்மண்ணின் மைந்தர்களே..."

வேணி கையை உயர்த்தி நிறுத்தினாள். "அவுக என்ன மார்க் போடவா உக்காந்திருக்காக?"

"பின்ன எப்பிடி ஆரம்பிக்கிறது?"

"மொதல்ல யார்ட்ட பேசப் போறீகன்னு நெனச்சுப் பாருங்க. ஏழுமலையண்ணன் மைந்தனோட காலுல கம்பி வச்சிருக்கு. அவுகட்ட போயி மண்ணின் மைந்தர்களேங்கிறீக."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்ததாக எழுதியது சட்டம். இந்திய நாட்டில் யாரும் எங்கும் குடியிருக்கலாம் என்று தொடங்கினேன். அதற்கும் அவள் முகம் மாறவில்லை. "சட்டம் பேசுனா, அப்ப சட்டப்படியே பாத்துக்கோன்னு சாமானத் தூக்கி வெளிய வைப்பாக."

மறுநாள் கன்னியம்மா அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன், ஊருக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று. முதலில் மழுப்பினார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"வண்டி இட்ச்சதுக்கு யாரும் கோச்சிக்கல சார். வண்டின்னா இடிக்கும். இட்ச்சவன் ஓடிட்டான். சரி, நீங்க இத்தினி பேரு கீறீங்களே, ஒருத்தராவது ஆஸ்பத்திரிக்குப் போயி பையன் எப்டி கீறான்னு கேட்டீங்களா?"

நான் வாளியைத் தூக்கி மாட்டின் பக்கம் வைத்தேன்.

"இன்னொண்ணும் கீது. ஏழுமல நெலம் கம்பெனி எஸ்டேட்டுக்குப் பூட்ச்சி. புள்ளைய ஐடிஐ படிக்க வச்சான். அந்தப் பையன் எத்தினி கம்பெனி கேட்டாண்ட நின்னான் தெரியுமா? உள்ளூர்க்காரன்னா சண்ட பண்ணுவான், லீவு போடுவான்னு எடுக்க மாட்றாங்க. எங்கியோ கெடக்கற உங்கள பஸ்ஸு உட்டு இட்டுகினு போறாங்க. தெனம் காலைல அந்த பஸ்ஸ பாத்துகினே டீக்கடைல குந்திகினு இருக்கறவனுக்கு எப்டி இருக்கும்?"

அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த டீக்கடையை நான் தினமும் கடந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லி எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் ஒன்றாகக் கூடினார்கள். மாரி எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று முடிவானது. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் மாரி சிம்மை மாற்றிவிட்டு எனக்கு மட்டும் போன் செய்திருந்தான். "அண்ணே, நம்ம ஊர்லதான் இருக்கேன். யார்ட்டயும் சொல்லிராதீக" என்றிருந்தான். அது வேணிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

4

பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு சபை தொடங்கியது. தெருவிளக்கு, கால்வாய், நூறு நாள் வேலை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. எங்கள் ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். வேணி பெண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

நான் பேச எழுந்ததுமே ஒருவர் கேட்டார். "இவருக்கு இந்த ஊர்ல ஓட்டு கீதா?"

இல்லை. ஓட்டு கோவில்பட்டியில் இருந்தது. தலைவர் கன்னியம்மா அக்காவைப் பார்த்தார். "ஒரு வார்த்த பேசிட்டுப் போவட்டும்பா" என்று அக்கா சொன்னதும், மைக்கை என் பக்கம் தள்ளினார்.

"வணக்கம். என் பேரு முருகேசன். கன்னியம்மா அக்கா வீட்ல குடியிருக்கேன். மொதல்ல, தினேஷ் இப்ப எப்பிடி இருக்கான்னு கேக்க வந்தேன். முன்னமே வந்து கேட்டிருக்கணும். நாங்க யாரும் வராதது..."

"இன்னாபா இது, மலையாளமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அடுத்த வரி நினைவில் இல்லை. மைக் கீச்சென்று கத்தியது.

அப்போதுதான் ஏழுமலை எழுந்தார். ஒல்லியான மனிதர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து கண்கள் உள்ளே போயிருந்தன.

"அதெல்லாம் அப்பறம் பேசு. இட்ச்சவன் எங்க கீறான்? உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு."

நான் சுவரோரம் பார்த்தேன். எங்கள் ஆட்களில் ஒருவன் மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினான். வேணியைப் பார்த்தேன். அவள் எந்தச் சாடையும் காட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியும்" என்றேன்.

நாற்காலிகள் சரிந்தன. இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "எங்கடா ஒளிச்சி வச்சிகிற?" மைக் எங்கோ விழுந்தது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார். ஏழுமலைதான் கையை நீட்டி, "உடுங்கடா, சொல்லட்டும்" என்றார்.

மைக் இல்லாமல் பேசினேன். இப்போது யோசித்தால், அதுவரை நான் பேசவே தொடங்கியிருக்கவில்லை.

"அவன் எங்க இருக்கான்னு இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா கோவத்துல கெளம்பிப் போவீக. அங்க ஒண்ணு ஆகும், அதுக்குப் பெறகு யாரும் சேந்து இருக்க முடியாது. ஓடுனது தப்பு. நானே கூட்டிட்டு வாரேன். வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"நிக்கலன்னா?" என்று ஏழுமலை கேட்டார்.

"நிக்கலன்னா ஊரு சொல்ல வேண்டாம். என் சாமானத்த நானே எடுத்து வெளிய வைக்கேன்."

அவர் தலைவரிடம், "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை.

5

வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் என்னோடு பேசவில்லை. ஒருவன் மட்டும், "காட்டிக் குடுத்துட்டீகளே அண்ணே" என்றான். லைனிலும் அந்த வாரம் முழுக்க அப்படித்தான். டீ பிரேக்கில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மாரி வரமாட்டேன் என்றான். "அடிச்சுக் கொன்னுருவாக அண்ணே. என்னக் கேக்காம எதுக்கு வாக்குக் குடுத்தீக?" அவன் கேட்டது நியாயம். பிறகு போனையே எடுக்கவில்லை. கூட்டத்துக்குத் தயார் செய்ததைவிட அந்த ஒருவனிடம் என்ன சொல்வது என்றுதான் அதிகம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஒருவழியாக எடுத்தான். நான் தொடங்குவதற்குள் வேணி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாரி, நான் அக்கா பேசுறேன். ஒன்ன வான்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒன் வண்டியில மோதி விழுந்தவன் பேரு என்னன்னு தெரியுமா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"தினேஷு. ஒன் வயசுதான். கம்பெனி வேலைக்கு அலஞ்சுக்கிட்டிருந்தான். இனி எந்திரிச்சு நடந்தாத்தான் அதுவும்."

அவன் போனை வைத்துவிட்டான். வருவானா மாட்டானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வேணி துணிமணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஏழுமலை வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. தெருவில் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். வெயில் ஏறியது. மாரிக்கு அடித்துப் பார்த்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் ஒருவன், "வண்டிய இட்டாந்து சாமான ஏத்தலாமா?" என்று சத்தமாகக் கேட்டான்.

உச்சி வேளையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து தெருமுனையில் நின்றது. மாரி இறங்கினான். பின்னால் அவன் அம்மா. ராத்திரி பஸ்ஸில் வந்த கசங்கல் சேலை, கையில் ஒரு துணிப்பை.

கூட்டம் வழிவிட்டது. மாரி நடந்து வந்து வாசலில் நின்றான். ஏழுமலை படியிறங்கி அவன் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார். மாரியின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்த தினேஷ் கட்டிலிலிருந்து கத்தினான்.

"யப்பா, உடு! தப்பு அவன் மேல மட்டும் இல்ல. நானுந்தான் லைட்டு போடாம வளைவுல ராங் சைடுல வந்தேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "இத்தினி நாளா இன்னாத்துக்குடா சொல்லல?" என்று ஏழுமலை உள்ளே பார்த்துக் கேட்டார்.

"அவன்தான் ஓடிட்டானே. நான் ஏன் சொல்லணும்னு உட்டுட்டேன்."

ஏழுமலை படியில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை ஊர் முன்னால் இவ்வளவு தூரம் கொண்டுவந்தவருக்கு, ஊர் முன்னாலேயே மகன் தப்பையும் கேட்க வேண்டியதாகிவிட்டது. தலை குனிந்தபடியே மாரியிடம் சொன்னார்:

"வாரா வாரம் வாலாஜாபாத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். நீதான் இட்டுகினு போவணும். உன் ஷிப்டு, கிப்டு எனுக்குத் தெரியாது."

"சரிங்கய்யா" என்றான் மாரி.

அவன் போனான். தினேஷ் ஊன்றுகோலை விடும்வரை, ஓவர்டைமை விட்டுக்கொடுத்து, ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் சில வாரம் வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று மாரி சொன்னான். காலி செய்யும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இனியா அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். தினேஷுக்குக் கடைசிவரை கம்பெனி வேலை கிடைக்கவில்லை. லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

6

இதை இனியாவுக்குச் சுருக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ன ஏன் போகச் சொன்னாங்க? நீயும் தமிழ்தானே, அவங்களும் தமிழ்தானே?" என்றாள். நான் யோசிப்பதற்குள் அவளே சலித்துப்போய் ஜெர்மனில் ஏதோ பாடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நகராட்சிக்காக எழுதி வைத்திருந்ததில் பாதியை அடித்தேன். பன்முகப் பண்பாடு என்று தொடங்கிய பத்தி முதலில் போயிற்று.

சனிக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. முதலில் பேசியவர்களுக்குக் கைதட்டலும் கூச்சலும் சம அளவில் விழுந்தன. பிறகு என் முறை வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல் முழித்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்மணி கோபத்தோடு வந்து சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் உயரமான ஒருவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"அங்கே வரப்போகிறவர்களில் ஒருவன் ஏதாவது செய்தால் யார் பொறுப்பு? நீங்களா?"

மண்டபம் என்னைப் பார்த்தது. என் அருகில் நின்ற நகராட்சிப் பெண் பதில் சொல்ல மைக்கைத் தேடினார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்:

"எல்லாருக்கும் என்னால் பொறுப்பேற்க முடியாது. என் பெயர் முருகேசன். இந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டாவது வீடு. உங்களுக்குத் தொந்தரவு என்றால் வந்து மணியடியுங்கள். நான் உங்களோடு வருகிறேன்."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில் வேணி, "இங்கயும் வாக்குக் குடுத்துட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அகதிகளுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்த உயரமான மனிதர். அகதிகள் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுகிறார்கள், சத்தம் தாங்கவில்லை என்றார். ஞாயிறன்று இங்கே அது கூடாது. சோற்றுக்கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

வழி முழுக்க அவர் கோபமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். கூடத்தின் வாசலை நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. உள்ளே குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. என்ன சொல்வது என்று அவர் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.